நில்லுங்க என்று நான்தான் சொன்னேன்

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். யாரிடம் சொன்னாலும் மழையா பெய்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மழை இல்லை. நாங்கள் நின்ற இடத்தில் ஒரு தூறல்கூட இல்லை. உட்கார்ந்த பாறை சுட்டது. தலைத்துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டிருந்தேன். அது காய்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

நாலு பேர் போனோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், வழிகாட்ட வந்த மலாய்க்காரர் ஒருவர்.

பாச்சாங்கில் அடுக்குமாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் லோரி ஓட்டினார். சுங்கை ஊடாங் பக்கம் ஒரு குத்தகைக்காரருக்கு மணலும் கல்லும் ஏற்றிப் போவார். பிறகு இனிப்புநீர் வந்தது. முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி. ஒரு நாள் சாலை விளக்கில் பச்சை விழுந்தும் லோரி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோய் இறங்கி வந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம். கதவைத் திறந்தவரை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. ஏறினால் மெதுவாகக் கொல்லும், இறங்கினால் உடனே கொல்லும் என்று கிளினிக்கில் தாதி எனக்குச் சொன்னாள். அத்தோடு லோரியை விட்டார்.

நடக்கச் சொன்னார்கள். பதினைந்து நாள் புளோக்கைச் சுற்றி நடந்தார். பிறகு கோப்பிக் கடை வரைக்கும் நடந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

மகளுக்கு அலுவலக வேலை. ஊரடங்கு முடிந்த பிறகு அவளும் கூட வேலை செய்கிறவர்களும் மலை ஏற ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு மலை. சப்பாத்தில் சேற்றோடு வருவாள். நான் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். காடு என்றால் எனக்கு வேலை. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் பதினாலு வருஷம் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியவள். சும்மா போய்ச் சும்மா வருவதற்குக் காட்டுக்குள் எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பாள்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். லேடாங் மலையின் இந்தப் பக்கம் ஒரு ஆறு இறங்குகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் ஆறு. அந்தப் பள்ளத்துக்குள் நடந்து உள்ளே போய், கடைசியில் விழும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

"மலை ஏறுறது இல்லப்பா. ஆத்தோடயே நடக்கிறது. ஈசிலா" என்றாள்.

"போற வழில சாப்பாட்டுக் கடை இருக்கா?" என்றார் அவர்.

"காட்டுல கடையாப்பா?"

"கடை இல்லாத ஊருக்கு நான் லோரியே ஓட்டுனதில்ல."

ஆனாலும் வந்தார். மகள் கூப்பிட்டால் வருவார்.

காலை ஆறரைக்கு ஊசி போட்டுக்கொண்டார். மகள் அவசரப்படுத்தினாள். இரண்டு துண்டு ரொட்டி மட்டும் சாப்பிட்டார். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, நாலு பொட்டலம் கட்டியிருந்தேன். பத்து மணிக்குப் பள்ளத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது என்று பேச்சு.

சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் இருக்க வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தாள். இருக்கும். ஆனால் அவர் சர்க்கரை இறங்கும்வரைக்கும் காத்திருக்க மாட்டார். ஒன்பது மணிக்கே தின்று தீர்த்துவிடுவார். தாளைப் பைக்குள்ளேயே திணித்து வைப்பார். துவைக்கும்போது எனக்குக் கிடைக்கும். அன்றைக்கு அவர் குளிக்கும்போது கால்சட்டைப் பையிலிருந்த மிட்டாய் எல்லாவற்றையும் எடுத்து என் முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன். நான்தான் பக்கத்திலேயே இருக்கப்போகிறேன். கேட்டால் கொடுப்பது. அப்படித்தான் நினைத்தேன்.

வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். என்னை ஆன்ட்டி என்றார், அவரை அங்கிள் என்றார். காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து போட்டிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் போடுவது. நானும் அதையேதான் போட்டிருந்தேன். மகள் போட்டிருந்தது விலை கூடின சப்பாத்து. வழிகாட்டி என் காலைப் பார்த்துத் தலையாட்டினார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆற்றுக்குள் இறங்குமுன் நிற்க வைத்துப் பேசினார். மலாயில்தான். கெப்பாலா ஆயர் பற்றிச் சொன்னார். மேலே எங்கோ மழை பெய்து, கீழே திடீரென்று வந்து அடிக்கும் தண்ணீருக்கு அந்தப் பெயர். தண்ணீரின் தலை. செய்தியில் பார்த்திருக்கிறேன், குளிக்கப் போன குடும்பம் போய்விட்டது என்று வரும். நான் நினைத்தது, அது சுவர் மாதிரி, சத்தத்தோடு வரும் என்று. சத்தம் கேட்டால் ஓட வேண்டியதுதானே. அவர் இன்னும் என்னவோ சொன்னார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் பை வார் ஒன்று கழன்றிருந்தது. அதை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே போகப் போகச் சுவர் கிட்ட வந்தது. எங்கள் புளோக் உயரம் இருக்கும், சில இடத்தில் அதற்கும் மேலே. வானம் ஒரு துண்டுதான் தெரிந்தது. அந்தத் துண்டு நீலமாக இருந்தது. மலை உச்சி தெரியவே இல்லை. லோரி அளவுப் பாறைகள். அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். சில இடத்தில் கயிறு. சில இடத்தில் வேர்தான் கயிறு. தண்ணீர் கணுக்காலுக்குத்தான். சில இடத்தில் முட்டி. அடியில் கிடந்த கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

வீட்டுக்காரர் நடந்தார். எனக்கே ஆச்சரியம். பாறைமேல் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு இறங்குவார். கால்சட்டைப் பின்பக்கம் பச்சையாகிவிட்டது. மகள் போனில் படம் எடுத்தாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மூன்றாவது இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். அக்கரையில் ஏறினால் மேலே மட்டமான இடம், அங்கே சாப்பாடு என்றார் வழிகாட்டி. நானும் வீட்டுக்காரரும் மெதுவாக வந்தோம். வழிகாட்டியும் மகளும் முன்னால் போய்க் கயிறு கட்டுவதாகச் சொன்னார்கள். போகும்போது அவர் திரும்பி என்னிடம் சொன்னார், கீழே நிற்காதீர்கள் ஆன்ட்டி, நேரே கடந்து ஏறி வாருங்கள் என்று. சரி என்றேன்.

கடக்கும் இடத்துக்கு வந்தபோது எனக்கு மறுபடி மூச்சு வாங்கியது. இக்கரையிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஆற்றுக்குள் இறங்கி நடுவில் இருந்த தட்டைக் கல்லில் நின்று முகம் கழுவினார்.

முதலில் இலைகள் வந்தன. ஒரு கையளவு. பிறகு சின்னச் சுள்ளிகள். பிறகு தண்ணீர் நிறம் மாறியது. தே தாரிக் நிறம், பால் தேநீர் மாதிரி. அவர் கால் தெரியாமல் போனது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி மாறுது. ஏறிடுவோமா?"

நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தண்ணீர்தான் அது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு நேரம்தான் விடுவார்கள். மேட்டில் தொட்டி. அதற்கு ஓடையிலிருந்து வரும். திறந்துவிட்டால் முதலில் வருவது இப்படித்தான் இருக்கும். பழுப்பு நிறம், இலை, குச்சி, சில நாள் ஒரு தவளை. புதிதாகக் கல்யாணமாகி வந்தவள்தான் அந்தத் தண்ணீரைப் பிடிப்பாள். மற்றவர்கள் வாளியை வைத்துக்கொண்டு சும்மா நிற்போம். முதல் தண்ணீர் போனதும் தெளிந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் பார்த்தது. தப்பியதே இல்லை.

அதனால் சொன்னேன்.

"மொதத் தண்ணிங்க. கொஞ்சம் நில்லுங்க. தெளிஞ்சிரும்."

அவர் நின்றார்.

ஒரு வாளி நிறையும் நேரம் இருக்கும். அவ்வளவுதான். அதற்குள் அவர் ஏறியிருக்கலாம். நாலு எட்டு.

சத்தம் வரவில்லை. வாசனைதான் வந்தது. புதிதாகக் கால்வாய் வெட்டினால் ஒரு மண் வாசனை வரும், அது. பிறகு அவர் நின்ற கல் காணாமல் போனது. தண்ணீர் முட்டிக்கு வந்தது. தொடைக்கு வந்தது. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் எட்டு வைத்தார். நான் பாறையில் படுத்துக் கையை நீட்டினேன். நாலு விரல் கிடைத்தது. அப்போதுதான் வளைவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. பெரிய லோரி கல்லைக் கொட்டினால் எப்படியோ அப்படி. ஒரு மரம் வேரோடு வந்தது.

கை விட்டது. யார் கை விட்டது என்று மகள் பிறகு கேட்டாள். என் கை.

நான் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. பாறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு விளிம்பு. அதில் நின்றுகொண்டிருந்தேன். கீழே நான் உட்கார்ந்திருந்த பாறை இல்லை. பள்ளம் முழுக்கத் தண்ணீர். நான் கத்தவில்லை. அழவில்லை. என் மனசில் ஓடியதைச் சொல்கிறேன். காலையில் துணி காயப்போட்டு வந்தோமே, யார் எடுப்பார்கள். அதைத்தான் நினைத்தேன். என் புருஷன் தண்ணீரில் போய்விட்டார், நான் துணியை நினைத்தேன். வானத்தைப் பார்த்தேன். இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவரைப் பார்த்தேன்.

எதிர்ச் சுவரில், கொஞ்சம் கீழே தள்ளி, ஒரு பெரிய மரத்தின் வேர் மேலிருந்து தொங்கியது. அதற்குப் பின்னால் பாறையில் ஒரு திட்டு. கட்டில் அளவு. அதில் கிடந்தார். சட்டை இல்லை. நெற்றியில் ரத்தம். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கையைத் தூக்கி ஆட்டினார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றரை லோரி நீளம் இருக்கும். அதில் அந்தத் தண்ணீர். சத்தம் போட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சரி, உயிர் இருக்கிறது, தண்ணீர் இறங்கும், வழிகாட்டி வருவார் என்று இருந்தேன். அவர் முகத்தைத் துடைத்தார். தண்ணீர் என்று நினைத்தேன். மறுபடி துடைத்தார். மறுபடியும்.

அது வேர்வை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறரை மணி ஊசி. இரண்டு துண்டு ரொட்டி. மூன்று மணி நேரம் நடை. பதினொன்று தாண்டியிருக்கும்.

அவர் கால்சட்டைப் பையைத் தடவினார். வலது பை. பிறகு இடது பை. உள்துணியை வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. திட்டுகிற பார்வை இல்லை. தேடுகிற பார்வை. எங்கே வைத்தேன் என்று வீட்டில் கேட்பாரே, அது.

முதுகுப்பை என் முதுகில்தான் இருந்தது. அவர் போனார், பை போகவில்லை. திறந்தேன். முதலில் ரொட்டிப் பொட்டலத்தை வீசினேன். எடை இல்லை. பாதியிலேயே விழுந்து போனது. வாழைப்பழம் சுவரில் பட்டுத் தெறித்தது. நிதானமாகச் செய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிட்டாய்களை இரண்டாகப் பிரித்தேன். கழுத்துத் துண்டைப் பல்லால் கிழித்தேன். ஒரு பாதியில் ஒரு கல்லையும் மிட்டாயையும் வைத்து முடிச்சுப் போட்டேன். வீசினேன். எட்டவில்லை. மற்றப் பாதிக்குக் கொஞ்சம் பெரிய கல்லாக வைத்தேன். உதிரிப் பழம் பொறுக்கிய கை. தள்ளுவண்டிக்குத் தூரத்திலிருந்தே வீசிப் பழக்கம். அது போய் அவர் தொடை பக்கத்தில் விழுந்தது.

அவர் அதைப் பார்த்தார். எடுத்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு என்னை நோக்கி வீசி எறிந்தார். ஆற்றில் விழுந்தது.

வாய் அசைந்தது. என்னைத் திட்டுகிறார் என்று தெரிந்தது. கைமுட்டியைக் காட்டினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்மேல் கை ஓங்கியதில்லை. நான் கல்லால் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். புத்தி கலங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்தது தூக்கம். அதற்கு அடுத்தது என்னவென்று தாதி சொல்லியிருந்தாள்.

பைக்குள் கையை விட்டேன். நாலு பொட்டலம் சோறு. அடியில் ஒரு சோயா பால் பெட்டி. நான் வைத்தது இல்லை, மகள் போட்டிருக்கிறாள். இனிப்பு போட்டது. எடையும் இருந்தது. கையில் எடுத்துவிட்டேன். வீசவில்லை. ஒன்றுதான் இருக்கிறது. இதையும் எறிந்துவிட்டால் முடிந்தது. முதலில் அவருக்குச் சாப்பாடு என்பது ஞாபகம் வர வேண்டும்.

கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. தலை சாயப் பார்த்தது. சின்னக் கல் ஒன்றை எடுத்து அவர் பக்கத்துச் சுவரில் அடித்தேன். நிமிர்ந்தார். கோபமாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தேன். பாறை விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சோற்றைச் சம்பாலில் பிசைந்து பெரிய பெரிய உருண்டையாக வாயில் போட்டேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீரும் இல்லை. அடைத்தது. தின்றேன்.

புருஷன் எதிரில் சாகிறார். நான் உட்கார்ந்து சோறு தின்கிறேன். அன்றைக்கு அதைத்தான் செய்தேன். வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டாவது பொட்டலம் பாதி போகும்போது அவர் வாய் அசைந்தது. திட்டுகிற அசைவு இல்லை. மெல்லுகிற அசைவு. வெறும் வாயை மென்றார். கையை நீட்டினார், சாப்பாட்டு மேசையில் நீட்டுகிற மாதிரி.

பெட்டியை வீசினேன். வயிற்றில் பட்டது. எடுத்தார். உறிஞ்சுகுழல் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது, அதை அவர் பார்க்கவில்லை. மூலையைப் பல்லால் கடித்தார். பால் மார்பெல்லாம் வழிந்தது. பாதி கீழே போனது. பாதி உள்ளே போனது. நான் ஒவ்வொரு விழுங்கலையும் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியது. ஏழு தடவை.

அப்போது எதிர்ச் சுவருக்கு மேலே ஆள் தெரிந்தது. மகளும் வழிகாட்டியும். அவர்கள் மேட்டில் இருந்ததால் தப்பிவிட்டார்கள். எங்களைத் தேடி மேலோடு வந்திருக்கிறார்கள். மகள் என்னைப் பார்த்தாள். அப்பா அவளுக்கு நேர் கீழே கிடந்தார், அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது நான் மட்டும்தான். தனியாக உட்கார்ந்து, மடியில் வாழை இலை, கையில் சோறு.

அவள் முகம் போன விதத்தைப் பார்த்தேன்.

சோற்றுக் கையாலேயே கீழே காட்டினேன். கீழே, கீழே என்று. வழிகாட்டிக்குப் புரிந்தது. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். அப்புறம் வேகம்தான். மரத்தில் கயிறு கட்டி வேரைப் பிடித்து இறங்கினார். அவரை மடியில் சாய்த்துக்கொண்டார். தன் பையிலிருந்து ஒரு கட்டி கூலா மெலாக்கா வெல்லம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து உடைத்து அவர் வாயில் வைத்தார். அவர் சப்பினார். வழிகாட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். பிறகு கையை அமர்த்திக் காட்டினார். இறங்காதே, அங்கேயே இரு என்று.

தண்ணீர் வந்தது மாதிரியே போனது. ஒரு மணி நேரத்தில் பாறைகள் தலை காட்டின. தெளியவில்லை. கலங்கலாகவேதான் இருந்தது. பொம்பா என்கிற தீயணைப்புப் படை ஆட்கள் வந்து அவரைத் தூக்குப்படுக்கையில் கட்டி மேலே இழுத்தார்கள். என்னையும் கயிற்றில் கட்டிக் கடத்தினார்கள். ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு அடிபட்டிருக்கிறதா ஆன்ட்டி என்று மலாயில் கேட்டார். சம்பால் காய்ந்து சிவப்பாக ஒட்டியிருந்தது. இல்லை, சோறு என்றேன்.

ஆஸ்பத்திரியில் காலில் இரண்டு இடத்தில் முறிவு என்றார்கள். நெற்றியில் தையல். சர்க்கரை சரியாகிவிட்டது. மறுநாள் பார்க்கும் நேரத்தில் மகளும் நானும் கட்டிலுக்கு ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். அவருக்கு ஆற்றில் விழுந்தது ஞாபகம் இருந்தது. திட்டில் கிடந்தது ஞாபகம் இல்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. உங்கம்மா என்னைக் கல்லால அடிச்சா" என்றார் மகளிடம்.

மகள் சிரிக்கவில்லை. மேலேயிருந்து பார்த்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அப்பா போய்விட்டார், அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன் என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு கேட்டாள்.

"கீழ நிக்காதீங்கன்னு வழிகாட்டி அபாங் சொன்னார்தானே. ஏன் நின்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். களைப்பு, உட்கார்ந்தோம் என்று ஏதோ சொல்லப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"அப்பா ஏறிடுவோமான்னு கேட்டார். நான்தான் நிக்கச் சொன்னேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் குழாய்த் தண்ணீர் கதையைச் சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்கிற மாதிரி ஆகும். மிட்டாயை எடுத்து வைத்ததையும் சொன்னேன். அதையும் அப்படியே, ஒரு வரியில்.



"அவ சொன்னா நான் நிக்கணுமா? எனக்குக் கால் இல்லையா?" என்றார் அவர். மாவுக்கட்டைப் பார்த்தார். "இப்பத்தான் இல்ல."

ரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதி, தமிழ்ப் பெண், சிரித்துவிட்டாள். மகளும் வாயைப் பொத்திக்கொண்டாள். அது எனக்காகச் சொன்னது என்று தெரியும். ஆனால் அது பதில் இல்லை. அவருக்குக் கால் இருந்தது. நான் சொன்னதால்தான் அது நகரவில்லை.

மகள் நாலு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு, மருந்து, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அடுத்த அறையிலிருந்து அவள் அனுப்பியது. ஒரு வார்த்தையும் இல்லை. ஏதோ ஒரு ஆறு. பிள்ளைகள் குளிக்கிறார்கள். வெயில் அடிக்கிறது. இலைகள் வருகின்றன. தண்ணீர் நிறம் மாறுகிறது. படம் எடுப்பவர் ஏறுங்கள் ஏறுங்கள் என்று மலாயில் கத்துகிறார். பிள்ளைகள் ஏறிவிடுகிறார்கள். பிறகு ஆறு வருகிறது.

மூன்று தடவை பார்த்தேன். இலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்த்தேன். நேரம் இருந்தது.

அவளிடம் போய், பார்த்தேன் என்றேன். அவள் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அப்போதுதான் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவள் அடுக்குமாடியில் பிறந்தவள். குழாயைத் திறந்தால் தெளிந்த தண்ணீர்தான் வரும் அவளுக்கு. அப்படியாம்மா என்றாள்.

இப்போது அவர் கைத்தடி ஊன்றி நடக்கிறார். கால்சட்டைப் பை இரண்டிலும் மிட்டாய் இருக்கிறது. ஒன்பது மணிக்குத் தின்றாலும் தின்னட்டும், மறுபடி போட்டு வைக்கிறேன்.

சாயங்காலம் பாச்சாங் பெரிய சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போவோம். இருபத்திரண்டு வருஷம் லோரி ஓட்டியவர். வண்டி வரும் வேகத்தைச் சத்தத்திலேயே சொல்வார். ஆனால் ஓரத்தில் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறார்.

"போலாமா?"

வலது பக்கம் பார்க்கிறேன். இடது பக்கம் பார்க்கிறேன். வண்டி எதுவும் இல்லை. மறுபடி வலது பக்கம். போகலாம் என்ற ஒரு வார்த்தை வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது. அவர் அவசரப்படுத்துவதில்லை. தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்.